250 டிகிரியில் ஜே-ஆர் சோதனை: விரிசல் பின்னோக்கிப் போகிறது, லோடு ரம்பப் பல் மாதிரி வருகிறது. யாராவது உதவுங்களேன்

துவாஸ் தம்பி:

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஐந்து வருடமாக டென்சைல் (இழுத்து அறுப்பது), சார்பி (சுத்தியலால் அடித்து உடைப்பது), வெல்டு பெண்டு (வெல்டை வளைத்துப் பார்ப்பது) என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு இப்போது வெளிநாட்டு அணுமின் நிலையக் குழாய் சம்பந்தமான வேலை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. எஸ்ஏ-333 கிரேடு 6 கார்பன் ஸ்டீல், தையல் இல்லாத 12 அங்குலக் குழாய், சுவர் 17 மி.மீ. சொச்சம். அதில் காம்பாக்ட் டென்ஷன் ஸ்பெசிமன் (விரிசல் வைத்து இழுக்கும் சிறு துண்டு) வெட்டி ஏஎஸ்டிஎம் ஈ1820 தரநிலைப்படி ஜே-ஆர் கர்வ் (விரிசல் வளர வளர ஸ்டீல் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று காட்டும் கோடு) எடுக்க வேண்டும். அறை வெப்பத்தில் மூன்று, 250 டிகிரியில் மூன்று. அகலம் 25 மி.மீ., தடிமன் 12.5. விரிசல் குழாயைச் சுற்றி ஓடும்படி எல்-சி திசையில் வெட்டியிருக்கிறோம்.

அறை வெப்பத்தில் பிரச்சினையே இல்லை. ஜே-ஐசி, அதாவது விரிசல் வளரத் தொடங்கும் இடத்து ஜே மதிப்பு, சதுர மீட்டருக்கு 310 கிலோஜூல் அளவில் வந்தது. 250-ல் முதல் ஸ்பெசிமனே தலைவலி. இடையிடையே லோடை இறக்கி ஏற்றி விரிசல் நீளத்தைக் கணக்கிடும் முறையில், முதல் ஆறு இறக்கங்களில் விரிசல் வளரவே இல்லை, குறைகிறது! ஆரம்ப நீளமும், உடைத்துப் பார்த்து ஒன்பது இடத்தில் அளந்ததைவிட 0.4 மி.மீ. அதிகமாகக் காட்டுகிறது. அப்புறம் லோடு உச்சத்துக்குப் போகும்போது கோடு ரம்பம் போல ஏறி இறங்குகிறது, விரிசல் திடீர் திடீரென்று தாவுகிறது. கடைசியில் ஜே வெறும் 190.

இதே குழாயின் சார்பி மதிப்பு 250-ல் துளிகூடக் குறையவில்லை. சூடானால் இரும்பு இளகத்தானே வேண்டும்? எக்ஸ்டென்சோமீட்டர் (விரிசல் வாய் திறப்பதை அளக்கும் கருவி) வழுக்குகிறது, கர்வை ஸ்மூத் பண்ணி அனுப்பிவிடு என்கிறார் சூப்பர்வைசர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மீதி இரண்டு ஸ்பெசிமன்தான் இருக்கிறது.

பூன் லே வாசி:

சிங்கப்பூரில் அணு உலையே கிடையாதே தம்பி, இந்த வேலை எல்லாமா இங்கே நடக்குது?

பைப்பு மாமா:

நடக்கும் நடக்கும். 2012-ல் அரசாங்கத்தின் ஆய்வு அன்றைய உலைகள் நம் தீவுக்கு ஒத்துவராது என்று சொன்னது. 2024 ஜூலையில் அமெரிக்காவோடு அணுசக்தி ஒத்துழைப்புக்கான 123 ஒப்பந்தம் போட்டாயிற்று. உலை கட்டுவதாக முடிவில்லை, ஆனால் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

தம்பி, நீங்கள் ஒரு நோய் என்று நினைப்பது மூன்று நோய். முதலில் அந்த 0.4 மி.மீ. மென்பொருளில் எலாஸ்டிக் மாடுலஸ் (ஸ்டீலின் விறைப்பு அளவு) என்ன கொடுத்தீர்கள்? அறை வெப்பத்துக்கு உரிய 205 கிகாபாஸ்கலையே விட்டிருப்பீர்கள். 250 டிகிரியில் அது 190 பக்கம் இறங்கிவிடும். ஸ்டீல் இளகியதால் ஸ்பெசிமன் கூடுதலாக வளைகிறது. மாடுலஸ் இறங்கியது தெரியாத மென்பொருள், விரிசல்தான் நீளம் என்று கணக்குப் போடுகிறது. உங்கள் அளவு ஸ்பெசிமனில் 8 சதவீத மாடுலஸ் பிழைக்குக் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. தப்பு வரும். கணக்கு ஒத்துப்போகிறது பாருங்கள்.

பின்னோக்கிப் போகும் விரிசல் வேறு கதை. அது பெரும்பாலும் உரசல். கிளெவிஸின் (ஸ்பெசிமனைப் ‘பின்’ என்ற உருளைக் கம்பி போட்டுப் பிடித்து இழுக்கும் கவ்வி) ஓட்டை முழு வட்டமா? பின் அழுத்தும் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும், அப்போதுதான் பின் உருளும். வட்ட ஓட்டையில் பின் உரசிக்கொண்டே திரும்பும்; லோடு இறங்கும்போது ஸ்பெசிமன் உண்மையைவிட விறைப்பாகத் தெரியும், விறைப்பு என்றால் விரிசல் குட்டை. ஃபர்னஸில் பின் கருத்துத் துருவேறியிருந்தால் இன்னும் மோசம். உப்புத்தாளால் தேய்த்து, மாலிப்டினம் டைசல்ஃபைடு ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போடுங்கள்.

மூன்றாவது, அந்த ரம்பப் பல். அது மிஷின் தப்பு இல்லை என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் வரட்டும்.

கடல்காற்று:

இப்படி டஃப்னெஸ் (விரிசலைத் தாங்கும் திறன்) குறைந்துதானே ஜப்பானில் மிஹாமா உலையில் குழாய் வெடித்து ஆட்கள் செத்தார்கள்?

பைப்பு மாமா:

இல்லைங்க, அது வேறு. 2004 ஆகஸ்டில் மிஹாமா 3-ல் வெடித்தது டர்பைன் பக்கத்துத் தண்ணீர்க் குழாய். ஓடும் தண்ணீர் உள்சுவரை அரித்து, 10 மி.மீ. இருந்த இடம் 2 மி.மீ.கூட இல்லாமல் போயிருந்தது. 1976-ல் ஓடத் தொடங்கிய உலையில் அந்த இடத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை. ஐந்து பேர் போனார்கள். சுவரே இல்லாதபோது டஃப்னெஸ் எவ்வளவு இருந்து என்ன?

பழைய கல்பாக்கம்:

தம்பி, ஸ்மூத் பண்ணி அனுப்பாதீர்கள். நீங்கள் பிடித்திருப்பதுதான் அந்தச் சோதனையின் சாரமே.

இதற்கு டைனமிக் ஸ்ட்ரெய்ன் ஏஜிங் என்று பெயர். ஸ்டீல் உருமாறுவது அதற்குள் இருக்கும் டிஸ்லொகேஷன்கள் (அணு அடுக்கில் உள்ள பிசகுக் கோடுகள்) நகர்வதால். கார்பன் ஸ்டீலில் கரைந்து கிடக்கும் நைட்ரஜன், கார்பன் அணுக்கள் அறை வெப்பத்தில் இருந்த இடத்திலேயே கிடக்கும். 200 முதல் 300 டிகிரியில் அவையும் நகர ஆரம்பிக்கின்றன, டிஸ்லொகேஷன் போகும் வேகத்துக்கு ஈடாக. துரத்திப் பிடித்துக் காலைக் கட்டும், இழுவிசை ஏறியதும் அறுத்துக்கொண்டு ஓடும், மறுபடி பிடிபடும். அந்தப் பிடிபடுதலும் அறுபடுதலும்தான் உங்கள் ரம்பப் பல். விளைவாக வலிமை கூடும், இழுபடும் தன்மை குறையும், விரிசல் முனையில் தாங்குதிறன் விழும். பட்டறைக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் நீலச்சூட்டு நொறுங்கல் இதே குடும்பம்தான்: ஸ்டீல் நீலம் பாயும் சூட்டில் அடிக்காதே என்பார்கள்.

சார்பியில் ஏன் தெரியவில்லை? அங்கே சுத்தியல் விநாடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேகத்தில் இறங்குகிறது. அந்த வேகத்தை நைட்ரஜனால் எட்டிப் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டுமானால் இன்னும் அதிகச் சூடு வேண்டும், அதனால் தாங்குதிறன் விழும் அந்தப் பள்ளம் மேல் வெப்பநிலைக்குத் தள்ளிப்போகும். மெதுவாக இழுக்கும் ஜே-ஆர் சோதனையில்தான் 250-ல் அது முகம் காட்டும். சார்பியை மட்டும் பார்த்துக் குழாயை எடைபோடுவதில் உள்ள வம்பு இது.

இது ஏன் முக்கியம் என்றால், நம் இந்தியாவின் 220 மெகாவாட் கனநீர் உலைகளில் கனநீர் உலைக்குள் போவது சுமார் 250 டிகிரியில், வெளியே வருவது சுமார் 293-ல். குழாய் வாழ்நாள் முழுக்க அந்தப் பள்ளத்திலேயே குடியிருக்கிறது.

நம்ப ஒரு சாட்சி வேண்டுமா? மிச்சக் குழாயில் டென்சைல் வெட்டி 25-லும் 250-லும் இழுங்கள். சூட்டில் வலிமை கூடினால் சந்தேகமே வேண்டாம். வேகத்தைப் பத்து மடங்காக்கி இன்னொன்று இழுத்தால் பற்கள் குறையும்.

துவாஸ் தம்பி:

மாமா, ஐயா, இருவருக்கும் பெரிய நன்றி. மாடுலஸ் 205-லேயேதான் கிடந்தது, வெட்கமாக இருக்கிறது. பழைய டேட்டாவை 190 போட்டு மறுகணக்குச் செய்ததில் ஆரம்ப நீளம் 0.05-க்குள் வந்துவிட்டது. கிளெவிஸ் ஓட்டை முழு வட்டமே! ஃபட்டீக் மிஷினிலிருந்து (லோடை மாறி மாறி ஏற்றி இறக்கும் மிஷின்) யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். தட்டை ஓட்டைக் கிளெவிஸ் ஸ்டோரிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டி, பின்னைத் தேய்த்து, இரண்டாவது ஸ்பெசிமனை ஓட்டினேன். பின்னோக்கிப் போவது நின்றுவிட்டது.

ஆனால் பற்கள் அப்படியே இருக்கின்றன. ஜே 196. டென்சைல் வலிமை 25-ல் 468 மெகாபாஸ்கல், 250-ல் 521! நீட்சி குறைந்திருக்கிறது. பத்து மடங்கு வேகத்தில் பற்கள் பாதிக்கு மேல் காணோம். சூப்பர்வைசரிடம் மூன்று கோட்டையும் ஒரே தாளில் அச்சடித்து வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோப்பி குடிக்கலாம் வா என்றார்.

ஒரு சந்தேகம். லோடை இறக்கும் முன் 10 விநாடி நிறுத்தி வைக்கச் சொல்கிறார்களே, இங்கே அது சரியா?

பைப்பு மாமா:

நிறுத்தத்தான் வேண்டும். இல்லையென்றால் லோடு தானாகத் தளர்வதும் இறக்கக் கோட்டோடு கலந்து, சரிவைக் கெடுக்கும்.

பழைய கல்பாக்கம்:

மாமா சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் இந்த ஸ்டீலை இந்தச் சூட்டில் நிறுத்தினால், அந்த இடைவெளியில் நைட்ரஜன் நிதானமாக வந்து கட்டிப்போடும். மறுபடி ஏற்றும்போது லோடு சின்ன மேடாக எழும்பும். தளர்வு அடங்கும் அளவுக்கு மட்டும், எல்லா இறக்கத்துக்கும் ஒரே நேரம் வைத்து, அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. முடிந்தபின் விரிசலைச் சூட்டால் நிறமேற்றி அடையாளம் வைப்பீர்கள் அல்லவா? 250-ல் காற்றில் ஓடியதால் புது விரிசல் முகம் ஏற்கெனவே நிறம் மாறியிருக்கும், எல்லை குழம்பும். முடிந்ததும் மறுபடி ஃபட்டீக் கொடுத்துக் கோடு போடுங்கள், பிறகு திரவ நைட்ரஜனில் குளிர வைத்து உடையுங்கள்.

வாடிக்கையாளர் இந்த எண்ணை என்ன செய்யப் போகிறார், தெரியுமா? குழாய் உடையுமுன் கசிந்து காட்டிக்கொடுக்கும் என்ற வாதத்துக்கா?

துவாஸ் தம்பி:

ஆமாம் ஐயா, அதற்குத்தான். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியின் திறனைப் போல 10 மடங்கு கசியும் விரிசலை எடுத்துக்கொண்டு, அதைப் போல இரண்டு மடங்கு நீளத்திலும் குழாய் உடையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்களாம். அறை வெப்ப எண் 310-ஐப் போட்டால் சுலபமாகத் தேறிவிடும். 196-ஐ வைத்துக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

பழைய கல்பாக்கம்:

196-ஐயே கொடுங்கள், பற்களோடு. தாவல் தொடங்குவதற்கு முந்தைய புள்ளியையும் தனியாகக் குறித்துவிடுங்கள். அப்புறம், எல்-சி மட்டும்தான் வெட்டினீர்களா? குழாயை நீட்டி உருட்டும்போது சல்ஃபைடு துணுக்குகள் நீளவாக்கில் இழுபட்டிருக்கும். நீளவாட்டு விரிசலுக்கு, அதாவது சி-எல் திசையில், மதிப்பு இன்னும் குறையலாம்.

துவாஸ் தம்பி:

ஒன்றரை அடித் துண்டு மிச்சம் இருக்கிறது. திங்கட்கிழமை வயர்கட்டுக்கு அனுப்புகிறேன். இரண்டு தேறும்.