புதுப்பிப்பு: தோட்டம் என்று பொருள் வரும் பெயர் வைத்தாச்சு

போன மாதம் மகளுக்குச் சோலை, தோட்டம் என்று பொருள் வருகிற பெயர் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. 'பொழில்' சொன்னவர் யோசனைதான் பலித்தது, 'பூம்பொழில்' என்று வைத்துவிட்டோம். 'தண்டலை'க்கும் சோலை என்றுதான் பொருள், ஆனால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று மதினி மறுத்துவிட்டார்கள். 'வனிதா' என்றால் பெண், தோட்டமில்லை. மேலப்பாளையத்து நண்பர் சொன்ன 'ரவ்ளா' அரபியில் தோட்டம்தான், தேடுகிறவர்களுக்கு உதவும்.

எதிர்பாராதது ஒன்று: ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இசட், எச் போட்டதில், தடுப்பூசி போடப் போன இடத்தில் 'பூம்போசில்' என்று கூப்பிட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமில்லை, அதனால் எழுத்தை நிதானமாகப் பாருங்கள்.

ஆச்சி மட்டும் 'ஏளா சோலை' என்றே கூப்பிடுகிறாள்.