மறு: ஏபிஐ மேலாண்மைக்கான சொற்கள் – வாயில் வேறு, தொகுப்பு வேறு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மென்பொருள் மற்றொரு மென்பொருளிடம் தரவோ சேவையோ கேட்டுப் பெறும் வழிதான் ஏபிஐ. வணிக நிறுவனங்கள் ஏபிஐ மேலாண்மை மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கான கையேட்டில் ஆள வேண்டிய தமிழ்ச் சொற்கள் பற்றி இந்த இழையில் வந்த முன்மொழிவுகளை எல்லாம் படித்தேன். 'ஏபிஐ கேட்வே', 'ஏபிஐ மேனேஜ்மென்ட் பிளாட்பார்ம்' ஆகிய இரண்டுக்கும் 'இடைமுக நுழைவாயில்' என்ற ஒரே சொல்லே போதும் என்பது பெரும்பான்மைக் கருத்தாகத் தெரிகிறது. விற்பவர்களே இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும்போது நாம் மட்டும் ஏன் பிரிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். விற்பவர்கள் அப்படிச் சொல்வதால்தான் நாம் பிரித்தாக வேண்டும் என்பது என் எண்ணம். வாங்குபவரின் கைக்காசு வீணாகும் இடம் அதுதான்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் தங்கள் ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தங்கள் மென்பொருளிலிருந்தே பார்க்க விரும்புகிறார்கள். சரக்கு அனுப்பும் முகவருக்கும் அதே தரவில் ஒரு பகுதி தேவைப்படுகிறது. இப்படித் தரவு கேட்டு வரும் ஒவ்வோர் அழைப்பிலும் சாவியை (அழைப்பவர் யார் என்று காட்டும் குறியீட்டை) சரிபார்ப்பது, அளவுக்கு மீறி வருவதைத் தடுப்பது, மற்றதைப் பின்னால் உள்ள வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்புவது, நடந்ததைப் பதிவு செய்வது ஆகியவை கேட்வேயின் வேலைகள். இந்த நிறுவனத்திற்கு அவ்வளவே போதும். முகம் தெரியாத நிரலாளர்கள் தாமாகவே பதிவு செய்து சாவி பெறும் வலைப்பக்கம், பதிப்புகளை அறிவித்து ஓய்வு கொடுக்கும் நடைமுறை, அழைப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலிக்கும் வசதி, யார் எதை எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற பகுப்பாய்வு ஆகியவையும் சேர்ந்தால்தான் அது மேலாண்மை மென்பொருள். பங்காளி நிறுவனங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்றால், இவற்றுக்கெல்லாம் ஆண்டுச் சந்தா கட்டுவது வீண் செலவு.

மென்பொருள்களின் அமைப்பும் இந்தப் பிரிவைக் காட்டுகிறது. மைக்ரோசாப்டின் அஸூர் ஏபிஐ மேனேஜ்மென்ட், கேட்வே ஒன்று, அதை ஆளும் பகுதி ஒன்று, நிரலாளர்களுக்கான வலைப்பக்கம் ஒன்று என மூன்று கூறுகளாகவே தன்னை விவரிக்கிறது. 2015-இல் திறமூலமாக (மூல நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி) வெளிவந்த காங், என்ஜின்எக்ஸ் என்ற வலை வழங்கி மென்பொருள் மீது கட்டப்பட்ட கேட்வேயாகத் தொடங்கி, மற்றவற்றைப் பின்னர் சேர்த்துக்கொண்டது. 2016-இல் கூகுள் வாங்கிய ஏபிஜீ முழு மேலாண்மையாகவே விற்கப்படுகிறது.

இனி சொற்களுக்கு வருகிறேன். ஏபிஐக்குச் 'செயலி நிரலாக்க இடைமுகம்', 'பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம்' என இரண்டும் புழக்கத்தில் உள்ளன. இரண்டும் நீளம், போதாக்குறைக்கு, 'நுண்செயலி' என்பதில் செயலிக்கு வேறு பொருள். வெறும் 'இடைமுகம்' என்றால் பலருக்கும் திரைதான் நினைவுக்கு வரும். 'பயனர் இடைமுகம்' ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டதால், அதற்கு இணையாக 'நிரல் இடைமுகம்' என்று வைக்கலாம்: முன்னது மனிதருக்கு முகம் காட்டுவது, பின்னது நிரலுக்கு முகம் காட்டுவது. கையேட்டின் தொடக்கத்தில் ஒருமுறை இதைச் சொல்லிவிட்டு, ஓட்டத்தில் 'ஏபிஐ' என்றே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.

கேட்வேக்கு 'நுழைவாயில்' வேண்டாம், 'வாயில்' போதும். சுருக்கம் மட்டுமே காரணமன்று. தொல்காப்பியக் கற்பியல், தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று பேசும் தோழி, பாணன், விறலி முதலியோரை 'வாயில்கள்' என்கிறது. நேரே சந்திக்க இயலாத இருவருக்கு நடுவே நின்று, ஒருவர் சொல்லை மற்றவரிடம் சேர்ப்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் முன்பே இருக்கிறது. கேட்வே செய்வதும் அதையே. பின்னால் எத்தனை வழங்கிகள் இருக்கின்றன என்பது அழைப்பவருக்குத் தெரியவே தெரியாது. சாவி செல்லாதபோது அழைப்பைத் திருப்பி அனுப்புவதை, தலைவனுக்காகப் பேச வந்தவரைத் தலைவி மறுப்பதைக் குறிக்கும் அகப்பாடல் சொல்லால், 'வாயில் மறுத்தல்' என்றே எழுதலாம் என்ற ஆசையும் எனக்கு உண்டு. புலவர்கள் சிரிக்கக்கூடும், அதனால் வற்புறுத்தமாட்டேன்.

'மேலாண்மைத் தளம்' என்ற முன்மொழிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வலைத்தளத்திலும் தளம், தரவுத்தளத்திலும் தளம், இப்போது பிளாட்பார்முக்கும் தளம் என்றால், அடுத்த பக்கத்திலேயே சிக்கிக்கொள்வோம். இத்துறையில் அழைப்புகள் ஓடும் பகுதியை 'டேட்டா பிளேன்' என்றும், அதற்கு விதிகளை அனுப்பும் பகுதியைக் 'கண்ட்ரோல் பிளேன்' என்றும் பிரிக்கிறார்கள். பிளேனையும் தளம் என்று மொழிபெயர்த்தால் முதலாவது 'தரவுத் தளம்' ஆகிவிடும்; படிப்பவர் டேட்டாபேஸ் என்று எடுத்துக்கொள்வார். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இது சிறிய குழப்பமன்று. வாயிலை நிறுவனத்தின் சொந்த வழங்கியில் நிறுத்திவிட்டு, ஆளும் பகுதியை மட்டும் விற்பனையாளரின் மேகத்தில் (இணையவழி வாடகை வழங்கிகளில்) வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பல விற்பனையாளர்கள் தருகிறார்கள். பணப்பட்டுவாடாத் தரவு முழுவதும் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று சுற்றறிக்கை விடுத்தது. எனவே பணப்பட்டுவாடாத் துறை நிறுவனம் ஒன்று, அழைப்புகள் எந்தப் பகுதி வழியாக ஓடுகின்றன, அவற்றின் பதிவுகள் எந்த நாட்டு வழங்கியில் தங்குகின்றன என்று கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. அந்தக் கேள்வியைத் தமிழில் தெளிவாகக் கேட்க, டேட்டா பிளேனுக்கு 'ஓட்ட அடுக்கு', கண்ட்ரோல் பிளேனுக்கு 'ஆளுகை அடுக்கு' என்ற இணையை முன்வைக்கிறேன். முழு மென்பொருளுக்கு 'மேலாண்மைத் தொகுப்பு' என்பது பொருந்தும். பல கூறுகளைச் சேர்த்துக் கட்டியது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுப்பதால், எனக்கு இதில் எத்தனை கூறு வேண்டும் என்று வாங்குபவர் கேட்கத் தொடங்குவார்.

'மேலாண்மை'யா 'முகாமைத்துவ'மா என்ற பழைய வழக்கை இங்கே மறுபடி கிளற வேண்டாம். இலங்கையில் முகாமைத்துவம்தான் வழக்கு. 2005-இல் தொடங்கப்பட்டுக் கொழும்பில் வேர்கொண்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் இதே வகை மென்பொருளைத் திறமூலமாகத் தருவதால், அங்குள்ள நிரலாளர்களும் கையேட்டைப் படிக்க வாய்ப்புண்டு. சொற்பட்டியலில் இரண்டையும் கொடுத்துவிடலாம்.

'ரேட் லிமிட்', 'கோட்டா' இரண்டுக்கும் 'வரம்பு' என்று போட்டிருப்பதையும் மாற்ற வேண்டும். ஒரு நொடிக்கு இத்தனை அழைப்புகள் என்பது வழங்கியைக் காப்பதற்கு. மாதத்திற்கு இத்தனை என்பது வாடிக்கையாளரின் திட்டத்தைச் சார்ந்தது. முன்னதை 'வீத வரம்பு' எனலாம் ('விகிதம்' வேண்டாம், அது இரண்டு அளவுகளின் ஒப்பீடு). பின்னதற்கு 'ஒதுக்கீடு' பொருந்தும். இடஒதுக்கீட்டை நினைவூட்டுகிறது என்று ஒருவர் தயங்கியிருந்தார், ஆனால் சூழலே பொருளைத் தெளிவாக்கிவிடும். வீத வரம்பை மீறிய அழைப்புக்கு 429 என்ற நிலைக்குறி திரும்பி வரும்.

இந்த வேறுபாடு விலைப்பட்டியலிலேயே தெரிகிறது. அமேசான் ஏபிஐ கேட்வேயில் 'எச்டிடிபி ஏபிஐ', 'ரெஸ்ட் ஏபிஐ' என இரண்டு வகைகள் உண்டு. அமெரிக்கக் கிழக்கு வட்டாரப் பட்டியலின் தொடக்கப் படியில் பத்து இலட்சம் அழைப்புகளுக்கு முன்னது 1 டாலர், பின்னது 3.50 டாலர். விலையை மட்டும் பார்ப்பவர் முன்னதை எடுத்துவிடுவார். ஆனால் வாடிக்கையாளருக்கு ஒரு சாவி கொடுத்து, அந்தச் சாவிக்கு மாத ஒதுக்கீடு வைக்கும் பயன்பாட்டுத் திட்டம் மலிவான வகையில் கிடையாது. வாடிக்கையாளர்வாரியாகப் பிரிக்காத வீத வரம்பு மட்டுமே உண்டு. கட்டணத் திட்டம் போட்டு ஏபிஐயை விற்க நினைக்கும் நிறுவனம் இதைப் பின்னர் அறிந்தால், எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும். கையேட்டில் வீத வரம்புக்கும் ஒதுக்கீட்டுக்கும் ஒரே சொல் இருந்தால், இந்த எச்சரிக்கையை ஒரு வரியில் எழுதவே முடியாது.

மிச்சம் இருப்பது 'டெவலப்பர் போர்ட்டல்'. 'வலைவாசல்' என்று எழுதியிருக்கிறீர்கள். வாயில்தான் பேச்சில் வாசல் ஆயிற்று என்பதால், கேட்வேயும் போர்ட்டலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஆவணங்களைப் படித்து, சோதனை அழைப்பு விடுத்து, சாவி பெற்றுச் செல்லும் இடம் அது. டபிள்யூஎஸ்ஓ2 தன் பழைய பதிப்புகளில் இதை 'ஸ்டோர்' என்று அழைத்தது. அதைப் பின்பற்றி 'அங்காடி' எனலாம் என்றால், விலையில்லாமல் திறந்துவிடப்படும் ஏபிஐக்கு அது ஒட்டாது. 'நிரலாளர் கூடம்' என்று இப்போதைக்கு வரைவில் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றுபவர்கள், வரைவை அச்சுக்கு அனுப்பும் முன் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்