யுபிஐ இலவசம்தானே, அப்புறம் கேட்வேக்கு எதற்கு 2 சதவீதம்?

சுங்குடிக்கடை:
மதுரையில் இருந்து சுங்குடிச் சேலை விற்கிறேன். சொந்த இணையதளம், சின்னக் கடை. நேற்று ஒரு ஆர்டரின் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை வரி வரியாகப் பார்த்தேன். சேலை 1,000 ரூபாய், கூரியர் 90, இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி 54.50. மொத்தம் 1,144.50. வாடிக்கையாளர் யுபிஐயில் கட்டினார். இணையதளத்தில் பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனம் எடுத்துக்கொண்டது 2 சதவீதம், அதாவது 22.89. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4.12. என் கணக்குக்கு வந்து சேர்ந்தது 1,117.49.

இந்தச் சேலையில் எனக்கு நிற்பதே 130 ரூபாய்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 2020 ஜனவரியில் இருந்து யுபிஐக்கு எம்டிஆர் (வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம்) பூஜ்யம் என்று சொன்னார்களே? சரி, சேலைக்காவது கொடுக்கலாம். அரசாங்கத்துக்குக் கட்டப்போகிற வரிக்கும், கூரியர்காரர் வாங்கிக்கொள்கிற 90 ரூபாய்க்கும் நான் ஏன் கமிஷன் கொடுக்க வேண்டும்?

திருப்பூர் நூல்காரன்:
பகல் கொள்ளை அக்கா. வேறு என்ன சொல்ல? பணம் வாடிக்கையாளரின் வங்கியில் இருந்து கிளம்பி நொடியில் வந்துவிடுகிறது. நடுவில் கடன் கொடுத்தவன் யாரும் இல்லை. ரிவார்டு பாயின்ட் கிடையாது. 500 ரூபாய் போனாலும் 50,000 போனாலும் கம்ப்யூட்டருக்கு ஒரே வேலைதான். அதற்கு சதவீதக் கணக்கில் கட்டணம் வாங்குவதில் என்ன நியாயம்?

கணக்குப்பிள்ளை:
வங்கியின் கார்டு பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் எதிர்த்தரப்பில் இருந்து சொல்கிறேன், திட்டுவதாக இருந்தால் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். அம்மா ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பதால் அந்த 4.12-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். கேட்வே மாதாமாதம் தரும் இன்வாய்ஸில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பலர் எண்ணைக் கொடுக்காமலே கணக்குத் தொடங்கிவிட்டு வருடக்கணக்கில் இந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். ஆக, உங்கள் உண்மையான செலவு 22.89.

அடுத்து, எம்டிஆர் வேறு, கேட்வே கட்டணம் வேறு. எம்டிஆர் என்பது வியாபாரியிடம் வங்கி பிடிக்கும் தொகை. கிரெடிட் கார்டில் அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். கொஞ்சம் விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க்குக்கு, கொஞ்சம் வியாபாரியின் வங்கிக்கு. கேட்வேக்கு மிஞ்சுவது சொற்பம். யுபிஐயில் வங்கிக்குப் போகிற பங்கு இல்லை, உண்மைதான். ஆனால் வாடிக்கையாளர் பணம் கட்டுகிற செக்அவுட் பக்கம், பணம் வந்ததும் ஆர்டரோடு பொருத்துவது, பாதியில் தொங்கிய பேமென்ட்டைத் திருப்பி அனுப்புவது, புகார் வந்தால் பதில் சொல்வது, எல்லாம் யாரோ ஒருவர் செய்கிற வேலை. அதற்கான கட்டணத்தை பிளாட்ஃபார்ம் ஃபீ என்கிறார்கள்.

திருப்பூர் நூல்காரன்:
சார், பெயரை மாற்றினால் ஆச்சா? பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 2007, பிரிவு 10ஏ. யுபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டிலும் வங்கியோ சிஸ்டம் நடத்துபவரோ நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது. 2020 ஆகஸ்டில் நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கையே விட்டது. சில வங்கிகள் மாதத்துக்கு இத்தனை யுபிஐ இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்று ஆரம்பித்திருந்தன. 2020 ஜனவரி 1-க்குப் பிறகு வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுங்கள் என்று அதில் இருந்தது. வங்கி வாங்கினால் தப்பு, கேட்வே வாங்கினால் சேவையா?

கணக்குப்பிள்ளை:
அந்தச் சுற்றறிக்கை வங்கிகளுக்கு. பிரிவிலும் வங்கி, சிஸ்டம் நடத்துபவர் என்றுதான் இருக்கிறது. கேட்வேக்கள் தங்களைத் தொழில்நுட்பச் சேவை தருபவர்களாகச் சொல்லிக்கொள்கின்றன. அதை ஓட்டை என்று நீங்கள் சொல்லலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்வே இல்லாமலே யுபிஐ வாங்க உங்களை யாரும் தடுக்கவில்லையே? வங்கியில் ஒரு க்யூஆர் வாங்கி ஒட்டினால் பைசா செலவில்லை.

சுங்குடிக்கடை:
அதையும் செய்து பார்த்துவிட்டேன் சார். வாட்ஸாப்பில் க்யூஆர் அனுப்புவேன், அவர்கள் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவார்கள். ஆடித் தள்ளுபடி சமயத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கிற 12 இலக்க யுபிஐ ரெஃபரன்ஸ் எண்ணை வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒரே விலையில் ஆறு சேலை போயிருக்கும், ஆறு பேரும் 1,144.50 அனுப்பியிருப்பார்கள். கணவர் பெயரில் இருக்கிற கணக்கில் இருந்து மனைவி அனுப்புவார், பெயரும் பொருந்தாது. போலி ஸ்க்ரீன்ஷாட்டும் வந்திருக்கிறது. கேட்வேயில் இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் விலை 2 சதவீதமா என்பதுதான் கேள்வி.

கோடுகாரன்_கோவை:
கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். நடுவில் ஒரு வார்த்தை.

நீங்கள் வாங்கியிருப்பது கலவை விலை. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ எல்லாவற்றுக்கும் ஒரே 2 சதவீதம். சின்னக் கடை சைன்அப் செய்ததும் இதுதான் கிடைக்கும். இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் இருந்தே எம்டிஆர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள வியாபாரிக்கு 0.40 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 200 ரூபாய். அதற்கு மேல் விற்பவருக்கு 0.90 சதவீதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. ஆக ஒரு கேட்வேக்கு கிரெடிட் கார்டில் லாபம் மயிரிழை, சில கார்டில் நஷ்டம்கூட வரலாம். அதை ஈடுகட்டுவது யுபிஐ பேமென்ட்டுகள்.

சேலை வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யுபிஐ என்றால், யாரோ ஒருவர் கிரெடிட் கார்டில் சேர்க்கும் ரிவார்டு பாயின்ட்டுக்கு சுங்குடிக்கடை அக்கா பணம் கட்டுகிறார் என்று அர்த்தம்.

திருப்பூர் நூல்காரன்:
அப்படிப் போடுங்கள். இதைத்தான் நானும் சொல்கிறேன். பெரிய கம்பெனிக்காரன் பேரம் பேசி ஒவ்வொரு முறைக்கும் தனி விலை வாங்கிக்கொள்கிறான். கலவை விலை நம் தலையில். யுபிஐக்கு ஒரு பரிவர்த்தனைக்கு 3 ரூபாய் என்று நிலையாக வைத்தால் போதும், எல்லாப் பிரச்சினையும் தீரும்.

பொடிக்கடை:
அண்ணா, கொஞ்சம் பொறுங்கள்! நான் பருப்புப்பொடி, இட்லிப்பொடி விற்கிறேன். பாக்கெட் 80 ரூபாய். பக்கத்து அபார்ட்மென்ட்களுக்கு நேரில் கொடுப்பதால் கூரியர் கிடையாது, பெரும்பாலும் ஒரு பாக்கெட் ஆர்டர்தான். 2 சதவீதம் என்றால் எனக்கு 1.60 போகிறது. உங்கள் 3 ரூபாய்த் திட்டம் வந்தால் என் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. உங்கள் நூல் பில்லுக்கு எது லாபமோ அது என் பொடிக்கு நஷ்டம்.

கணக்குப்பிள்ளை:
பொடிக்கடை தங்கச்சி சரியான இடத்தில் பிடித்துவிட்டார். அமெரிக்காவில் இது நடந்தே இருக்கிறது. 2010-இல் வந்த டர்பின் திருத்தத்தின்படி பெரிய வங்கிகளின் டெபிட் கார்டு கட்டணத்துக்கு 21 சென்ட், அதோடு 0.05 சதவீதம் என்று வரம்பு போட்டார்கள். மளிகை, துணி என்று பெரிய பில் போடுபவர்களுக்குக் கொண்டாட்டம். காபிக்கடை மாதிரி இரண்டு மூன்று டாலர் பில் போடுபவர்களுக்கு அதுவரை நெட்வொர்க்குகள் கொடுத்துவந்த சலுகை விலை போய், கட்டணம் ஏறியது. 2 டாலர் காபிக்கு 21 சென்ட் என்பது 10 சதவீதத்துக்கும் மேல். வரம்பாக வைத்த தொகையே விலையாகிவிட்டது.

பாரிஸ் வாசகன்:
அமெரிக்கக் கதையை மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-இல் போட்ட விதிப்படி, கார்டு கொடுத்த வங்கி எடுக்கிற இன்டர்சேஞ்ச் டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம், இதுதான் உச்சம். தனிநபர் கார்டுகளுக்கு மட்டும், நிறுவன கார்டுகளுக்கு இல்லை. கடைக்காரர் அந்தக் கார்டுகளுக்குக் கூடுதல் தொகை கேட்கவும் தடை. இங்கே யாரும் கார்டில் கேஷ்பேக் மழையை எதிர்பார்ப்பதில்லை, குறையாகவும் சொல்வதில்லை. கிரெடிட் கார்டுக்கு வரம்பு வைத்தால் வானம் இடிந்து விழாது.

கணக்குப்பிள்ளை:
கிரெடிட் கார்டு வரம்பைப் பற்றி நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லையே. இந்தியாவிலும் வைக்கலாம், வைக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். என் வாதம் யுபிஐ பற்றியது. கட்டணம் பூஜ்யம் என்றால் செலவும் பூஜ்யம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சர்வர், மோசடிக் கண்காணிப்பு, புகார் தீர்ப்பது என்று வங்கிக்குச் செலவு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குத்தான் அரசாங்கம் ஊக்கத்தொகை கொடுக்கிறது. 2024-25க்கு ஒதுக்கியது சுமார் 1,500 கோடி. அதுவும் சிறு வியாபாரிகளுக்கு வரும் 2,000 ரூபாய் வரையிலான பேமென்ட்டுகளுக்கு மட்டும், 0.15 சதவீதம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு ஒன்றும் இல்லை. பெரிய வியாபாரிகளிடம் மட்டுமாவது 0.3 சதவீதம் வாங்க விடுங்கள் என்று பேமென்ட் நிறுவனங்களின் அமைப்பு 2025-இல் பிரதமருக்குக் கடிதம் எழுதியதே இதனால்தான். எம்டிஆர் வரப்போகிறது என்ற பேச்சை அந்த ஜூனிலேயே நிதி அமைச்சகம் மறுத்துவிட்டது.

திருப்பூர் நூல்காரன்:
0.3 சதவீதம் போதும் என்று அவர்களே கேட்கிறார்கள், கேட்வே 2 வாங்குகிறது. உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்த்துவிட்டீர்கள் சார். :)

கணக்குப்பிள்ளை:
அந்த 0.3 வங்கி, ஆப் எல்லாம் பங்கு போட்டுக்கொள்வதற்கு, செக்அவுட் பக்கத்துக்கு அல்ல. ஆனாலும் 2 அதிகம்தான். யுபிஐக்கு 2 சதவீதம் சரி என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் ஏற்கவில்லை.

பொடிக்கடை:
ஒரு சந்தேகம். இந்த 2 சதவீதத்தை அப்படியே பில்லில் சேர்த்துவிட்டால் என்ன? ரயில் டிக்கெட் போடும்போது எடுக்கிறார்களே.

கோடுகாரன்_கோவை:
ஐஆர்சிடிசி வாங்குவது சதவீதம் இல்லை. ஏசி இல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், ஏசிக்கு 30, யுபிஐயில் கட்டினால் 10, 20. மேலே ஜிஎஸ்டி. அது அவர்கள் இணையச் சேவைக்கு வாங்கும் வசதிக் கட்டணம். டெபிட் கார்டு எம்டிஆரை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கடைசிப் பக்கத்தில் திடீரென்று 23 ரூபாய் ஏறினால் பாதிப் பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். விலையிலேயே அடக்கிவிடுவதுதான் நல்லது.

சுங்குடிக்கடை:
விலையில் அடக்கினாலும் சேலை திரும்பி வந்தால்? போன வாரம் ஒருவர் நிறம் பிடிக்கவில்லை என்று அனுப்பிவிட்டார். முழுத் தொகையும் அவருக்குப் போய்விட்டது. கேட்வே தன் கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை. விற்காத சேலைக்கு 22.89 கட்டணம்!

திருப்பூர் நூல்காரன்:
இதற்கு என்ன சமாதானம் சொல்லப்போகிறீர்கள் சார்?

கணக்குப்பிள்ளை:
பணத்தை வாங்கிய வேலையும் நடந்தது, திருப்பிய வேலையும் நடந்தது, ஆகவே கட்டணம் நிற்கும். பெரும்பாலான கேட்வேக்களின் ஒப்பந்தத்தில் இப்படித்தான் இருக்கும். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். கேஷ் ஆன் டெலிவரி என்றால் இதைவிட மோசம், போகிற கூரியரும் வருகிற கூரியரும் உங்கள் செலவு.

கோடுகாரன்_கோவை:
அக்கா, தத்துவத்தை இவர்கள் இருவரும் விடியும்வரை பேசட்டும். நீங்கள் கேட்வேக்கு ஒரு மெயில் போடுங்கள். யுபிஐ, ரூபே டெபிட், மற்ற டெபிட், கிரெடிட், நெட் பேங்கிங் ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேளுங்கள். கடந்த மூன்று மாத விற்பனையில் யுபிஐ எவ்வளவு என்ற கணக்கையும் கூடவே வையுங்கள். யுபிஐக்கு மிகக் குறைந்த விலையில் சேவை தரும் போட்டியாளர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். தரமாட்டோம் என்றால் இரண்டாவதாக ஒரு கேட்வேயை யுபிஐக்கு மட்டும் இணைத்துவிடலாம், செக்அவுட்டில் அது பெரிய வேலை இல்லை. புது ஒப்பந்தத்தில் ரீஃபண்ட் பத்தியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சுங்குடிக்கடை:
காலையிலேயே மெயில் போட்டுவிட்டேன் தம்பி. "உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது, ஆள் எழுதியதா மெஷின் எழுதியதா தெரியவில்லை. இன்னொன்று, ரிப்போர்ட்டில் சில நாட்களில் மட்டும் "இன்ஸ்டன்ட்" என்று தனியாக ஒரு பிடித்தம் இருக்கிறது. அது என்ன?

கணக்குப்பிள்ளை:
பணம் வழக்கமான நாளுக்கு முன்பே உடனே கணக்கில் வர வேண்டும் என்று யாரோ அந்த வசதியைப் போட்டிருக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம், அந்த 2 சதவீதம் போகக் கூடுதலாக. டேஷ்போர்டில் செட்டில்மென்ட் அமைப்புக்குள் போய் முதலில் அதை அணையுங்கள் அம்மா.