எல்லா வசதியும் இருக்கிற கைஜிபிஎஸ், ஆனால் அடிக்கடி நின்றுபோகிறதாம்: ஜியோகேச்சிங்குக்கு வாங்கலாமா?

கொருக்குப்பேட்டைக்காரன்:

வணக்கம். கைஜிபிஎஸ் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்குவதா விடுவதா என்று இரண்டு மனசாக இருக்கிறேன். எங்கே கேட்டாலும் "போனே போதுமே" என்றுதான் பதில் வருகிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்கு: ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை, அவர் தளத்தில் போட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்துத் தேடிப் போகிற விளையாட்டு. இப்போது போனில் சி:ஜியோ செயலியை வைத்துத்தான் டப்பா தேடுகிறேன். ஜார்ஜ் டவுன் பக்கம் என்றால் அதுவே போதும். ஆனால் நான் சைக்கிளில் எண்ணூர் கழிமுகம், நெட்டுக்குப்பம், முடிந்தால் பழவேற்காடு என்று போகிற ஆள். சித்திரை வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டிய போன் சூடேறி, திரை மங்கி, கடைசியில் ஆறும்வரை வேலை செய்யமாட்டேன் என்று நின்றுவிடுகிறது. அதுவரைக்கும் உள்ளங்கையால் நிழல் கட்டினால்தான் அம்புக்குறியே தெரியும்.

விற்பவர் எனக்குத் தெரிந்தவர், கப்பல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிராண்ட் பெயரைப் போடவில்லை, போட்டால் பேச்சு கம்பெனிச் சண்டையாக மாறிவிடும். கருவியில் இருப்பவை: தொடுதிரை, மூன்று அச்சு மின் திசைகாட்டி, காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் வசதி, கேமரா, மைக்ரோ எஸ்டி கார்டு, இரண்டு பென்சில் செல். இடப் புள்ளிகளைச் சேமிக்கிற ஜிபிஎக்ஸ் கோப்பைப் போட்டால் டப்பாவின் விவரம், துப்பு, முன்னால் தேடியவர்கள் எழுதிய பதிவு எல்லாம் கருவியிலேயே படிக்கலாம். எனக்கு ஆசை வந்ததே இதற்காகத்தான்.

இந்த மாடலைப் பற்றித் தேடினால் மூன்று புகார்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நிறைய கோப்பு ஏற்றினால் உறைந்துபோகிறது. குலுங்கினால் தானாக அணைந்துவிடுகிறது. ஓரத்து ரப்பர் பிரிகிறது. விற்பவரும் மறைக்கவில்லை, "குலுங்கி அணையறது எனக்கும் நடந்திருக்கு" என்று சொல்லிவிட்டார்.

இதை விட்டால் என் கைக்கு எட்டுவது பழைய கார்மின் ஈட்ரெக்ஸ் 10 மாதிரி ஒன்று. கறுப்பு வெள்ளைத் திரை, திசைகாட்டி கிடையாது, கார்டு போட இடமும் கிடையாது.

கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல் என்று கருவியைக் கையிலேயே கொடுத்திருக்கிறார். எதை எதைச் சோதிக்கலாம்?

வியாசர்பாடி டீச்சர்:

தம்பி, என் ஓட்டு சாதாரணக் கருவிக்கு. அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கலைத்து வைத்திருந்ததை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. மே 3-ம் தேதியே ஒரேகான் மாநிலத்தில் முதல் டப்பாவை வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் துப்பும் பதிவும் கருவிக்குள் வராது, எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் போட்டுத்தான் தேடினார்கள். விளையாட்டு அதனால் கெட்டுப்போகவில்லை.

நான் பிள்ளைகளை அழைத்துப் போகிறவள். கையில் கொடுத்தால் கீழே விழும், தண்ணீரில் நனையும். ஈட்ரெக்ஸ் 10 அதையெல்லாம் தாங்கிக்கொள்கிறது, இரண்டு பென்சில் செல்லில் ஒரு பகல் தாராளமாக ஓடுகிறது. திசைகாட்டி இல்லாத குறை உண்மைதான். நின்ற இடத்தில் அம்பு எங்கேயோ காட்டும், நாலு அடி நடந்தால் சரியாகிவிடும். அது பழகிப்போகும். வழியில் அணைந்துபோகிற கருவி மட்டும் யாருக்கும் பழகாது.

பெரம்பூர் லோகோ:

டீச்சர் கடைசியாகச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நண்பா, நீங்கள் எழுதிய மூன்று புகாரும் ஒரே ரகம் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

உறைந்துபோவது மென்பொருள் சங்கதி. அதோடு வாழலாம். பெரும்பாலும் இது ஆயிரக்கணக்கான டப்பாக்களை ஒரே மூச்சில் ஏற்றுகிறவர்களுக்கு வருகிறது. ஜியோகேச்சிங் தளத்தில் கட்டண உறுப்பினர் ஒரு தொகுப்பில் 1000 டப்பா வரை இறக்கலாம், அதைப் பல தொகுப்பாகப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். சென்னையில் இருக்கிற உங்களுக்கு அவ்வளவு எதற்கு? போகிற பக்கத்துக்கு மட்டும் சின்னக் கோப்பாக இறக்குங்கள். உடைந்த ஜிபிஎக்ஸ் கோப்பு ஒன்று உள்ளே இருந்தாலே கருவி ஆன் ஆகும்போது பாதியில் நின்றுவிடும். அதனால் கோப்பைக் கருவியின் நினைவகத்தில் போடாமல் கார்டில் போடுங்கள். நின்றால் கார்டை உருவிவிட்டு ஆன் செய்தால் எழுந்துகொள்ளும். கார்டிலிருந்து ஜிபிஎக்ஸ் படிக்கிற மாடலா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் என் யோசனையில் பாதி போய்விடும்.

குலுங்கி அணைவதும் ரப்பர் பிரிவதும் உடம்புச் சங்கதி. அதைக் காசிமேட்டு அண்ணன் சொல்வதுதான் சரி, கூப்பிட்டிருக்கிறேன்.

இடம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் முறை மட்டும் நான் சொல்கிறேன். ரொம்ப நாள் அலமாரியில் கிடந்த கருவி என்றால், ஆன் செய்த உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். செயற்கைக்கோள்களின் பட்டியல் முழுசாக இறங்கவே 12.5 நிமிடம் ஆகும். பாரிமுனையில் கடைத் தாழ்வாரத்தில் நின்று சோதித்துவிட்டு "சிக்னல் எடுக்கலை" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. கடற்கரை மாதிரி திறந்த இடத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் சும்மா வையுங்கள்.

அப்புறம் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6 இரவு. அதற்குத் தயாராக இல்லாத பழைய கருவிகள் கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னால் தேதி காட்டும். இடம் பெரும்பாலும் சரியாகவே வரும், ஆனால் கண்டுபிடித்த தேதியும் நடந்த தடத்தின் தேதியும் குழம்பிவிடும்.

அமைப்புகளில் வரைபட அடிப்படை, அதாவது இட எண்களை எந்தப் பூமி அளவீட்டை வைத்துக் கணக்கிடுவது என்பது, டபிள்யூஜிஎஸ்84 என்று இருக்கிறதா? பழைய இந்திய வரைபடங்களோடு ஒப்பிட விரும்பும் ஆட்கள் அதை மாற்றி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் நம்ம ஊரில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும், நீங்கள் கருவியைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அமைப்பில் வாஸ் என்பதை ஆன் செய்யுங்கள். ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் தகவலைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகிற அமெரிக்க அமைப்பின் பெயர் அது. இங்கே அதே வேலையைச் செய்வது ககன், இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. கார்மின் கருவிகளில் அந்தச் செயற்கைக்கோள்கள் 40, 41 என்ற எண்ணில் தெரியும். 41 என்பது ஜிசாட்-10, 83 டிகிரி கிழக்கில் நிற்பது. சென்னை 80 டிகிரி. அதாவது நம் தலைக்கு மேலே, தெற்கே கொஞ்சம் சாய்ந்து. உங்கள் கருவியில் எண் வேறாக இருக்கலாம், ஆனால் மிண்ட் தெருச் சந்துக்குள்ளும் வானத்தின் அந்தத் துண்டு மறையாது.

காசிமேடு வயர்லெஸ்:

தம்பி, படகு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் பிரித்துப் பார்க்கிற வேலை எனக்கு. மாடல் எதுவானாலும் கைக்கருவி சாவது இரண்டே இடத்தில்: செல் போடுகிற அறை, யூஎஸ்பி வாய்.

குலுங்கி அணைகிறது என்றால் முதலில் செல் அறையைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கின் அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் எப்பவோ செல் ஒழுகியிருக்கிறது. லேசான பூப்பு என்றால் ஒரு பஞ்சுக் குச்சியில் வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு மொபைல் கடையில் கிடைக்கிற ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) லிக்விடால் துடைத்துக் காய வைத்தால் போதும். தகடே கறுத்துக் குழி விழுந்திருந்தால் வாங்காதீர்கள். உப்பு உள்ளே போர்டு வரைக்கும் போயிருக்கும், இன்றைக்கு வேலை செய்வது மழைக்காலம் வரை தாங்காது.

பூப்பு ஒன்றும் இல்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஆன் செய்து உள்ளங்கையில் பட் பட்டென்று தட்டுங்கள், நாலு பக்கமும். அணைந்தால் ஸ்பிரிங்கை மெல்ல இழுத்துவிட்டு, செல்லுக்கும் அறைச் சுவருக்கும் நடுவில் மடித்த காகிதத் துண்டு ஒன்றைச் செருகி மறுபடி தட்டுங்கள். நின்றுவிட்டால் அது தீர்ந்துபோகிற குறை. அப்படியும் அணைகிறது என்றால் உள்ளே சால்டர் விட்டிருக்கிறது, என்னிடம் கொண்டு வந்தாலும் உத்தரவாதம் தரமாட்டேன்.

ரப்பர் பிரிவதில் இரண்டு உண்டு. பிடிமானத்துக்காக வெளியே ஒட்டியிருக்கும் ரப்பர் பிரிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். மூடிக்கு உள்ளே ஓடுகிற மெல்லிய வளையம் வெடித்திருந்தால் தண்ணீர் காக்கிற கதை முடிந்தது. ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருப்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், அதுவும் வளையம் புதுசாக இருக்கும்போது. எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்றில் போகிறவர் நீங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, செல்லைக் கழற்றி வையுங்கள். இதை மட்டும் விடாமல் செய்தால் சுமாரான கருவியும் ரொம்ப நாள் உழைக்கும்.

கொருக்குப்பேட்டைக்காரன்:

அண்ணே, லோகோ, டீச்சர், மூன்று பேருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

செல் அறையில் பூப்பு இல்லை. உள்ளங்கையில் தட்டினால் ஒரு பக்கம் மட்டும், அதாவது கீழ்ப்பக்கம் பட்டால் அணைந்தது. ஸ்பிரிங்கை இழுத்து, பால் கவர் அட்டையில் ஒரு துண்டை மடித்து வைத்த பிறகு தட்டினாலும் அணையவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடி ஓடிக் குழி விழுந்த பக்கமாகவே சைக்கிளில் கொண்டுபோனேன், தாங்கியது. உள் வளையம் நன்றாக இருக்கிறது, வெளி ரப்பர்தான் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருக்கிறது.

தேதி சரி. அடிப்படை டபிள்யூஜிஎஸ்84-லேயே இருந்தது. கோப்பைக் கார்டிலிருந்து படிக்கிறது. தமிழில் எழுதிய விவரம் மட்டும் கட்டம் கட்டமாக வருகிறது, அது எனக்கு வருத்தம்தான்.

புதுசாக ஒரு சிக்கல். திசைகாட்டி சில இடங்களில் தாறுமாறாகச் சுற்றுகிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டு ஓரமாக நடக்கும்போது வடக்கு எங்கேயோ போய்விடுகிறது. பழுதா?

இன்னொரு கேள்வியும் வந்துவிட்டது. துபாயில் இருக்கிற மச்சான், "பழசெல்லாம் எதுக்கு, கார்மின் ஜிபிஎஸ்மேப் 67ஐ புதுசு ஒண்ணு கொண்டாறேன்" என்கிறார். காத்திருக்கட்டுமா?

எர்ணாவூர் அலை:

மச்சானிடம் இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெயரின் கடைசியில் இருக்கிற அந்த "ஐ" இன்ரீச்சைக் குறிக்கிறது. இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் செய்கிற கருவி அது. நம் நாட்டில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருக்கக் கூடாது. பையில் இன்ரீச் வைத்திருந்ததற்காகவே விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கில் மாட்டிய வெளிநாட்டுப் பயணிகள் இருக்கிறார்கள். மச்சான் நல்ல மனசோடு வாங்கி வந்து மீனம்பாக்கத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். "ஐ" இல்லாத வெறும் 67-ல் இந்தச் சிக்கல் இல்லை, அதில் இன்ரீச் கிடையாது.

பெரம்பூர் லோகோ:

அலை சொன்னதை எல்லோரும் மனசில் வையுங்கள், புதுசாக வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

திசைகாட்டி பழுது இல்லை நண்பா. தண்டவாளம், இரும்புப் பாலம், கன்டெய்னர் அடுக்கு எல்லாம் காந்தப்புலத்தை வளைக்கும். வடசென்னையில் இந்த மூன்றும் இல்லாத தெரு தேடினால்தான் உண்டு. காந்த மூடி வைத்த போன் கவர் அதே பாக்கெட்டில் இருந்தாலும் இப்படித்தான் ஆகும். செல் மாற்றும்போதெல்லாம் இரும்பு இல்லாத திறந்த இடத்தில் ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள். யார்டு ஓரத்தில் திசைகாட்டியை அணைத்துவிட்டு, டீச்சர் சொன்ன மாதிரி நாலு அடி நடந்து அம்பைப் பாருங்கள்.

ரீசார்ஜ் செல் போடுவதாக இருந்தால் அமைப்பில் செல் வகையையும் மாற்றுங்கள். அது 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5. மாற்றாவிட்டால் பாதி சார்ஜ் இருக்கும்போதே காலி என்று காட்டும். உங்கள் மாடலைப் பற்றி வருகிற "தானாக அணைகிறது" புகாரில் இதுவும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என் தீர்ப்பு: வாங்குங்கள். உடம்பு சுத்தமாக இருக்கிறது, இருந்த குறைக்கு வழி கிடைத்துவிட்டது, மிச்சம் மென்பொருள்தான். போன் பைக்குள் இருக்கட்டும், சி:ஜியோவில் அதே டப்பாக்களை இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கி வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துக்கொள்வது அபூர்வம்.

வியாசர்பாடி டீச்சர்:

இவ்வளவு சோதித்த பிறகு நானும் தடுக்கமாட்டேன் தம்பி. ஆனால் டப்பாவின் எண்களையும் துப்பையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்:

வாங்கிவிட்டேன். வெளி ரப்பருக்காகவும் ஸ்பிரிங்குக்காகவும் அவரே விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். மச்சானிடமும் சொல்லியாகிவிட்டது. டீச்சர், தாளும் உண்டு.

இப்போது தேடுவதைவிட வைக்கத்தான் ஆசை. ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவில் இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களிலேயே பழையது. தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கே தெரிவதில்லை. அங்கே ஒரு டப்பா வைக்கலாமா?

பெரம்பூர் லோகோ:

ஸ்டேஷனிலோ துறைமுகச் சுவர் பக்கமோ வைக்காதீர்கள். கேட்பாரற்ற டப்பாவைப் பார்த்தால் போலீஸ் வரும், வரவும் வேண்டும். இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். ஸ்டேஷனில் 1856 என்ற எண்ணை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், அதை வைத்துக் கணக்குப் போட்டால் அடுத்த இடத்தின் எண் வருகிற மாதிரி. டப்பாவைத் தள்ளி, உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஒரு கடையிலோ தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலோ வையுங்கள். வேறு டப்பாவுக்கு 161 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு.

எண் குறிக்கும்போது ஒரே தடவை எடுத்துவிட்டுப் போகாதீர்கள். அட்சரேகை எண்ணில் நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கத்தில் ஒன்று மாறினாலே வடக்கு தெற்கில் 1.85 மீட்டர் நகர்ந்துவிடும், அந்தச் சந்துகளில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வேறு வரும். சராசரி எடுக்கும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் காலையில் ஒருமுறை, இன்னொரு நாள் சாயந்திரம் ஒருமுறை எடுத்துச் சேருங்கள். எண் கிடைத்ததும் இங்கே போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பெரம்பூரிலிருந்து வந்து என் கருவியிலும் சரிபார்த்துச் சொல்கிறேன்.