புதுப்பிப்பு: சயாம் ரயில்பாதையில் மறைந்த தாத்தாவைப் பற்றி அம்மா படிக்க எந்த நாவல்?

சேலத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போன தாத்தாவை 1942–43இல் ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. எண்பதைக் கடந்த அம்மாவுக்காக நாவல் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலர் சொன்ன 'புயலிலே ஒரு தோணி'யை முதலில் கொடுத்தேன். மகத்தான நாவல்தான். ஆனால் அதன் உலகம் வட்டிக்கடைகளும் இந்திய தேசிய ராணுவமும்; அம்மா தேடியது தோட்டக் கூலிகளை. பாதியில் வைத்துவிட்டார்.

கைகொடுத்தது மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. அஸ்தம்பட்டி நண்பர் தன் பிரதியையே கொடுத்தார். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார் அம்மா.

நான் எதிர்பாராதது ஒன்று. ஏற்காட்டில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சில பக்கங்களை அம்மா வாசித்துக் காட்டினார். காப்பித் தோட்டத்திலேயே உழைத்தவர் பெரியம்மா. கங்காணி (கூலிகளை மேற்பார்ப்பவர்), லயன் வீடு (கூலிகளின் வரிசை வீடு) எதையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒவ்வொருவரிடமும் பாட்டி போய் விசாரித்ததை அன்றுதான் பெரியம்மா முதன்முறையாகச் சொன்னார். அம்மாவுக்கே அது தெரியாது.

வயதானவர்களுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க: நோயும் சாவும் நிறைந்த கதை. பக்கத்தில் யாராவது இருப்பது நல்லது.