புதுப்பிப்பு: நியூஃபவுண்ட்லாந்து நாய் தபால்தலைகளில் நிறமும் பல்லும்

நியூஃபவுண்ட்லாந்து (இன்று கனடாவின் பகுதி) வெளியிட்ட, நாய் படமுள்ள அரை சென்ட் தபால்தலைகளை ஆண்டுவாரியாகப் பிரிப்பது பற்றிய முந்தைய பதிவில் 1887, 1896 இரண்டையும் “சிவப்பு” என்று ஒரே பிரிவில் போட்டிருந்தேன். அது தவறு. 1887 ரோஜாச் சிவப்பு, 1896 ஆரஞ்சுச் சிவப்பு. 1894 கறுப்பு, அதில் குழப்பமே இல்லை. சிவப்புகளைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாள்மேல் அருகருகே வைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பின்கீழ் ரோஜாவும் ஆரஞ்சாகவே தெரியும். வெயிலில் வெளுத்ததை நிறம் பார்த்துத் தீர்மானிக்கவே வேண்டாம்.

நாய் முழு உருவமாக நிற்கும் 14 சென்ட் கறுப்புக்கு நிறம் உதவாது, பல்லை (ஓரத்துளைகளுக்கு இடையே நீட்டியிருக்கும் முனைகளை) அளக்க வேண்டும். 2 செ.மீ. நீளத்தில் ஏறக்குறைய 13½ பல் வந்தால் 1932இல் பெர்கின்ஸ் பேக்கன் அச்சகம் அச்சிட்டது. 12½ வந்தால் 1940களில் வாட்டர்லோ அச்சகம் அச்சிட்டது. ஒரு பக்கத்தை மட்டும் அளந்து முடிவுகட்டாதீர்கள்: மூலைப்பல் மழுங்கியிருந்தால் பல் அளக்கும் மானியில் கோடு நழுவிவிடும்.

நிறமுள்ள அஞ்சல் உறைத்துண்டில் ஒட்டிய தபால்தலையைத் தனிக் கிண்ணத்தில், குளிர்ந்த நீரில் ஊறவிடுங்கள். உறையின் சாயம் இறங்கினால் மற்றதெல்லாம் கறைபடும். தானாகக் கழன்று வரும்வரை உரிக்கக் கூடாது. அவசரப்பட்டால் பின்தாள் மெலிந்து மதிப்பு போய்விடும்.

கனடாவின் 1988 நான்கு நாய் வரிசையிலும் (37 சென்ட்) நியூஃபவுண்ட்லாந்து நாய் இனம் உண்டு, பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.