சதையரி: ஆய்வகக் குப்பியில் ஒட்ட ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பட்ட இடத்தை அரித்துச் சேதப்படுத்தும் வேதிப்பொருளுக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'corrosive' என்பதற்கு, என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தேன். நான் மதுரையில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். குப்பிகளுக்குத் தமிழில் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அகராதிக்குச் சொல் தேடுவதும் சீட்டுக்குச் சொல் தேடுவதும் வேறுவேறு வேலை. அகராதியைப் புரட்டுகிறவருக்கு விளக்கம் பக்கத்திலேயே இருக்கும். சீட்டைப் பார்க்கும் மாணவிக்குக் கையில் குப்பி, மனத்தில் செய்முறைத் தேர்வு, அவ்வளவுதான்.

கந்தக அமிலக் குப்பியின் சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊற்றிவிட்டு நிமிர்த்தும்போது குப்பியின் வாயிலிருந்து ஒரு துளி வழியும். அது இறங்கிய தடம் முழுக்கத் தாள் பழுப்பாகி, கறுத்து, விரல் பட்டாலே உதிரும். நீளமாக எழுதிய எச்சரிக்கையில் பாதிதான் மிஞ்சும். அதனால்தான் ஒரே சொல், அதுவும் பெரிய எழுத்தில் எழுதக்கூடிய குட்டைச் சொல் வேண்டும் என்று கேட்கிறேன்.

> 'அரிக்கும் பொருள்' என்றே வைக்கலாமே. அரிமானம் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. புதிதாக எதற்கு?

ஐயா, வேர்ச்சொல்லைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. இரும்பு துருப்பிடிப்பதற்கு அரிமானம் என்ற சொல் நன்றாக நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். சிக்கல் தோலில் வருகிறது. 'கையில அரிப்பு' என்றால் நம் ஊரில் சொறியத் தோன்றுவது என்றுதான் பொருள். தேங்காய் எண்ணெய் தடவு, சரியாகிவிடும் என்பார்கள். குப்பியில் 'அரிக்கும்' என்று மட்டும் இருந்தால், பட்டால் கொஞ்ச நேரம் அரிக்கும், அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

இது பெரிய தப்பில் போய் முடியும். வேதிப்பொருள்களின் ஆபத்தை வகைப்படுத்த ஐ.நா. கொண்டுவந்த ஜி.எச்.எஸ். முறையில் (முதல் பதிப்பு 2003) இரண்டு தனி வகைகள் இருக்கின்றன. தோல் சிவந்து, எரிந்து, பிறகு ஆறிவிடுவது ஒன்று. அதற்கு ஆச்சரியக்குறி போட்ட சீட்டு. மேல்தோலைத் தாண்டி உள்தோல் வரை செத்துப்போய், தழும்போடுதான் ஆறும் என்கிற மீளாத சேதம் இன்னொன்று; அதற்கு ஒரு கையின் மேலும் ஓர் உலோகத்தின் மேலும் சொட்டு விழுகிற படம். இந்த இரண்டாவது வகையில் மிகக் கடுமையானவற்றுக்கு மூன்று நிமிடத் தொடுகையே போதும். வெறும் 'அரிப்பு' என்ற சொல் படிப்பவரை நேராக முதல் வகைக்குக் கொண்டுபோய் விடுகிறது. நாம் பெயர் தேடுவது இரண்டாவதற்கு.

> எரிசோடா இருக்கிறது. அதே வழியில் 'எரியி' என்று போகலாம்.

எரிசோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) நல்ல சொல், நாக்கில் நிற்கிற சொல். ஆனால் சீட்டில் 'எரி' என்று வந்தால் எரிபொருள்தான் நினைவுக்கு வரும். பெட்ரோல் லாரியின் பின்னால் தீப்பற்றும் என்று எழுதியிருப்பதைப் படித்துப் பழகிய கண்கள் நம்முடையவை. தீப்பற்றும் பொருள் என்று நினைத்த மாணவன் பர்னரை அணைப்பான். கண்ணாடி போடமாட்டான், கையுறையும் போடமாட்டான். அடர் கந்தக அமிலமும் தீப்பற்றாது, எரிசோடாவும் தீப்பற்றாது. நைட்ரிக் அமிலம்கூடத் தான் எரிவதில்லை. ஆல்கஹால், அசெட்டிக் அமிலம் போன்றவற்றோடு சேர்ந்தால் அவற்றைப் பற்றவைத்துவிடும். அதனால் அதற்குத் தனி அலமாரியே வேண்டும்.

'சிதைப்பி' என்று திருச்சி நண்பர் சொன்னதைப் பலமுறை யோசித்தேன். உயிரியல்காரர்கள் மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்த வேரை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், இயற்பியல்காரர்கள் கதிரியக்கத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மூன்றாவதாக நாமும் போய் நிற்க வேண்டாம்.

ஆய்வக உதவியாளர்கள் தங்களுக்குள் பேசும்போது 'தின்னுடும்' என்பார்கள். 'அந்தப் பக்கம் கைய வைக்காத தம்பி, தின்னுடும்.' இதைவிடச் சரியான வினை கிடையாது. பருத்தி மேலங்கியில் கந்தக அமிலம் தெறித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போடும்போதுதான் ஓட்டை ஓட்டையாக வரும். தின்றது என்றுதானே அதைச் சொல்ல வேண்டும். ஆனால் பெயர்ச்சொல் ஆக்கப்போனால் தின்பொருள், தின்னி என்று வந்து தின்பண்டத்தின் பக்கம் சாய்கிறது. நஞ்சு வைக்கும் அலமாரியில் அந்த ஒலியே இருக்கக் கூடாது.

சரி, அப்படியானால் என்ன சொல்? 'சதையரி' என்பதை முன்வைக்கிறேன்.

நெஞ்சரிப்பு என்று யாராவது சொன்னால் நெஞ்சைச் சொறிவதாக எவரும் நினைப்பதில்லை. கடலரிப்பு, மண்ணரிப்பு, கரையான் அரிப்பு எதிலும் அந்தக் குழப்பம் வருவதில்லை. எதை அரிக்கிறது என்பது முன்னால் வந்து நின்றுவிட்டால் 'அரி' தன் பழைய கடுமையான பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. தனியாக விட்டால்தான் சொறி. எனவே பாதுகாப்புச் சீட்டுகளில் 'அரிக்கும்' என்பதைத் தனியாக எழுதவே கூடாது, எதை அரிக்கும் என்று சொல்லியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உயிருள்ள உடம்பைச் சேதப்படுத்துவது சதையரி. அந்தச் செயல் சதையரிப்பு. உலோகத்துக்கு 'உலோகவரி' என்று சேர்த்து எழுதினால் வரி போட்டதுபோல் படிக்கும், ஆகவே 'உலோகம் அரிக்கும்' என்று பிரித்தே எழுதுவோம். ஜி.எச்.எஸ். முறையிலும் அதற்குத் தனி அளவுகோல்தான்: 55 டிகிரி செல்சியசில் உருக்கையோ அலுமினியத்தையோ ஆண்டுக்கு 6.25 மில்லிமீட்டருக்கு மேல் அரித்தால் அந்த வகை.

> 'அரி' வினையடி. அதை எப்படிப் பெயராக்குவீர்கள்?

நெல்லை அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. பூச்சிக்கொல்லி, பாக்குவெட்டி, மரங்கொத்தி எல்லாம் பொருள் முன்னும் வினை பின்னும் வந்து இகரத்தில் முடிகின்றன. அரி ஏற்கெனவே இகரத்தில்தான் முடிகிறது. இன்னொரு விகுதி ஒட்டினாலும் ஒலியில் மாற்றம் இராது. சதைக்கும் அரிக்கும் இடையில் யகரம் வருவதும் இயல்பு. 'ஊனரி' இன்னும் செறிவாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஊனம் என்ற சொல் கூடவே ஒலிக்கிறது. காயம்பட்ட ஒரு பிள்ளை அந்தச் சீட்டைத் தினமும் பார்க்க நேரலாம் என்பதால் வேண்டாம் என்கிறேன்.

இந்தச் சொல்லுக்கு நான் இவ்வளவு வாதாட முக்கியக் காரணம் அமிலம் அல்ல, எரிசோடா போன்ற காரம். ஆசிட் என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு. சோடா என்றால் கிடையாது. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறைகளில் எரிசோடாவைக் 'காஸ்டிக்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேரில் எந்த எச்சரிக்கையும் இல்லை. எரிசோடா வில்லை ஒன்று மேசையில் விழுந்து கிடக்கட்டும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து முதலில் மினுங்கும், பிறகு ஓரம் கரையும், கடைசியில் வில்லை இருந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் மட்டும் தெரியும். தண்ணீர்தானே என்று ஒருவர் முழங்கையை ஊன்றுவார். தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பு, தோலிலுள்ள கொழுப்போடு காரம் வினைபுரிந்து சோப்பாகிக்கொண்டிருப்பதால் வருவது. வலி பல நேரம் பிந்தித்தான் தெரியும். அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். இரண்டையும் ஒரே சீட்டின் கீழ் கொண்டுவரும் சொல் வந்தால்தான் சோடாவுக்கும் மரியாதை கிடைக்கும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், தடங்கவில்லை. 'சதையரிக் குப்பிகளைக் கண் மட்டத்துக்கு மேல் வைக்காதே.' 'சதையரி பட்டால் உடனே துணியைக் கழற்று, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவு.' 'சதையரிப்புக்கு மேல் சமையல் சோடாவோ வினிகரோ ஊற்றாதே, நடுநிலையாக்கும்போது வரும் சூடு புண்ணைப் பெரிதாக்கும்.' அடர் கந்தக அமிலத்துக்கு மட்டும் இன்னொரு வரி எப்போதும் சேர வேண்டும்: அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே. 98 சதவீத அமிலம் தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனமானது. மேலே ஊற்றிய தண்ணீர் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் அள்ளிக்கொண்டு முகத்துக்குத் தெறிக்கும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கு இந்தச் சொல் போதாது. நீர்த்த கரைசல் பட்டால் தோலில் ஒன்றும் தெரியாமலே உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சின்ன இடத்தில் பட்டால்கூட இதயம் வரை பாதிக்கலாம். அதற்கு ஃபுளோரைடு நஞ்சு என்ற தனிச் சீட்டும், பக்கத்தில் கால்சியம் குளுகோனேட் களிம்பும் கட்டாயம்.

கண்ணுக்கு என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். கண்ணைச் சதை என்று யாரும் சொல்வதில்லை, ஒப்புக்கொள்கிறேன். சதையரிக்குக் கீழே இரண்டாவது வரியாக 'கண் பார்வை போகும்' என்று எழுதிவிடுவோம். அதைக் கலைச்சொல் ஆக்க வேண்டிய தேவை இல்லை, பச்சைத் தமிழே போதும்.

சீட்டு மாதிரி இப்படி இருக்கும்: மேலே பொருளின் பெயர், அதன் கீழ் பட்டறைகளில் அதற்கு வழங்கும் பெயர், நடுவில் படம், படத்துக்கு நேர் கீழே 'சதையரி', பிறகு கண் வரி. அமிலம் வழிந்தாலும் எழுத்து போகாதபடி மேலே ஒளிபுகும் நாடா ஒட்ட வேண்டும்.

'சதை' கொச்சையாக இருக்கிறது, 'தசையரி' என்று மாற்றலாம் என்று நினைப்பவர்கள் எழுதுங்கள். தசை என்றால் நம் பிள்ளைகளுக்கு உயிரியல் பாடத்துத் தசைநார்தான் தெரியும், எனவே நான் சதையிலேயே நிற்கிறேன். ஆச்சரியக்குறி வகைக்கு 'உறுத்தி' பொருந்துமா என்பதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து